ஒசந்த பெட்ரோலும் உன் நைனாவும்

சாமுவேலு,

நலம், நலமறிய ஆவல் என்று ஆரம்பிக்கிற நிலையில் நான் இல்லை. வண்டி வாசலில் படுத்துக் கிடக்கிறது. இஞ்சினின் மேல்மூடியை, அந்த ஹெட்டைக் கழற்றிப் பழைய போர்வையில் சுற்றி, என் தையல் மிஷினுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்திருக்கிறார் உன் நைனா. தைக்கிற ஜாக்கெட் துணியில் எல்லாம் கிரீஸ் வாடை. நவரை நெல் அறுப்பு ஆரம்பித்துவிட்டது. உத்திரமேரூரைச் சுற்றி இருக்கிற லோடு வண்டி எல்லாம் வயலுக்கும் மில்லுக்குமாகப் பறக்கிறது. நம் வண்டி மட்டும் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறது. மெக்கானிக் தணிகாசலம் கேட்பது ஒரே ஒரு வார்த்தை. நீ மாற்றி வைத்தபடியே இஞ்சினைத் திரும்பக் கட்டுவதா, இல்லை கம்பெனியிலிருந்து வந்த மாதிரி பழையபடி ஆக்கிவிடுவதா? அந்த ஒரு வார்த்தை இந்த வீட்டில் யார் வாயிலிருந்தும் வரவில்லை. அவரைக் கேட்டால் "அவன கேளு" என்கிறார். உன்னைக் கேட்டால் "அவரு இஷ்டம்மா" என்கிறாய். நடுவில் ஒருத்தி இருக்கிறாளே, அவளுக்குப் பைத்தியம் பிடித்துவிடுமே என்று உங்கள் இரண்டு பேரில் ஒருத்தருக்காவது தோன்றியதா?

போனில் சொல்லலாம்தான். சொன்னால் நீ என்ன செய்வாய் என்று எனக்குத் தெரியாதா? "சரிம்மா, கடைக்கு கஸ்டமர் வந்துட்டாங்க, வெச்சிர்றேன்" என்பாய். எழுத்தை அப்படி வைத்துவிட முடியாது, பாதியில் மடித்தாலும் மிச்சம் உள்ளேதான் இருக்கும். அதனால் எழுதுகிறேன். இதை வேறு யார் படித்தாலும் படிக்கட்டும், எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. அப்பனும் பிள்ளையும் முகம் பார்த்துப் பேசாத வீடு ஊரில் இது ஒன்றுதானா? மற்ற வீடுகளில் நிலத்துக்கும் நகைக்கும் சண்டை வருகிறது. நம் வீட்டில் வந்தது வண்டிக்கு எந்தப் பெட்ரோல் ஊற்றுவது என்பதற்கு. வெளியில் சொன்னால் சிரிக்கிறார்கள். சபையில் பெண்கள் கூட்டத்தில் என்ன ஜெப விண்ணப்பம் என்று கேட்டபோது, பெட்ரோலுக்கு நீ சொல்கிற அந்த ஆக்டேன் என் வாயில் வந்துவிட்டது. பாஸ்டரம்மா அது ஏதோ புது வியாதி என்று நினைத்து உருகி உருகி ஜெபித்தார்கள். நான் குனிந்த தலையை நிமிர்த்தவே இல்லை.

எல்லாம் அந்த ஏரிக்கரை மேட்டில் ஆரம்பித்தது. சாலவாக்கம் பக்கத்திலிருந்து நெல் ஏற்றி வரும்போது ரோடு ஏரிக்கரை மேல் ஏறுகிற இடம், உனக்குத் தெரியும். போன வருஷம் அறுப்பில் உன் நைனா அந்த மேட்டில் பாதி ஏறி நின்றுவிட்டார். பின்னால் டிராக்டர், அதற்குப் பின்னால் டவுன் பஸ். நெல்லுக்காரர் பைக்கில் வந்து நின்று, "ஏம்பா, வண்டி இஸ்துக்கினு போறியா, வண்டி உன்ன இஸ்துக்கினு போதா?" என்றார். பஸ்ஸில் இருந்தவர்கள் சிரித்தார்கள். மூட்டைகளைப் பாதி இறக்கி, மேடேற்றி, திரும்ப வந்து ஏற்றிக்கொண்டு போனார். அந்தப் பஸ்ஸில் நானும் நீயும் இருந்தோம். நீ ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாய். இறங்கிப் போய் மூட்டை பிடிக்கலாம் என்று எழுந்தவன், பிறகு என்ன நினைத்தாயோ, உட்கார்ந்துவிட்டாய். நைனா பார்த்துவிட்டால் அவருக்கு அவமானமாக இருக்கும் என்று நினைத்தாய் என்று எனக்குத் தெரியும். வீட்டுக்கு வந்து சோற்றைப் பிசைந்துகொண்டே, "அந்த மேட்ட நான் ஏத்தறேம்மா" என்றாய். 

ஆயிரம்தான் உன்மேல் எரிச்சல் இருந்தாலும், நீ அதைச் செய்தது எதற்காக என்பதில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. சென்னையில் காருக்கும் பைக்குக்கும் இஞ்சினை மாற்றிக் கட்டுகிற கடையில் வேலை கற்றவன் நீ. கிறிஸ்துமஸ் லீவுக்கு வந்தவன், சர்வீஸ் பண்ணுகிறேன் என்று சொல்லி ஹெட்டைக் கழற்றிக்கொண்டு காஞ்சிபுரம் லேத் பட்டறைக்குப் போனாய். அதன் அடிப்பக்கத்தைச் செதுக்கிக் கொண்டுவந்தாய். உள்ளே இடம் குறைந்தால் அழுத்தம் கூடும், அழுத்தம் கூடினால் இழுவை கூடும் என்று எனக்குச் சொன்னாய். லேப்டாப்பை வண்டியில் சொருகி என்னவோ கணக்கை மாற்றினாய். வண்டிக்காரரிடம் மட்டும் சொல்லவில்லை. அந்த வண்டியை வாங்குவதற்கு முன்னால் அவர் எத்தனை வருஷம் அடுத்தவன் லாரி ஓட்டினார் என்று உனக்குத் தெரியும். முதலாளி திட்டினால் வாங்கிக்கொண்டு, டயர் வெடித்தால் பழி சுமந்துகொண்டு, கடைசியில் சொந்தமாக ஒரு சின்ன வண்டி. அதில் கை வைக்கும்போது "நைனா, இப்படி செய்யலாம்னு கீறேன், நீ இன்னா சொல்ற" என்று கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பார், அது வேறு விஷயம். அதற்காகக் கேட்காமல் இருப்பதா?

முதல் நாள் ஏறியதே, அதை நான் மறுக்கவில்லை. சென்னையிலிருந்து நீ வாங்கி வந்திருந்த அந்த உயர்ந்த பெட்ரோலை ஊற்றி, மூட்டை ஏற்றி, அதே மேட்டில் அவரையே ஓட்டச் சொன்னாய். வண்டி திணறவே இல்லை. மேலே போய் நிறுத்தி இறங்கியவர் கரையில் நின்று வாயைத் துடைத்துக்கொண்டே இருந்தார். சிரிப்பை மறைக்கிறாராம். டீக்கடையில், "சொம்மா இல்ல, என் பையன் கை வெச்ச வண்டி" என்று அவர் சொன்னதைக் கேட்டவர்கள் வந்து என்னிடம் சொன்னார்கள். உன்னிடம் அவர் சொல்லியிருக்க மாட்டார். நீ அன்றைக்குச் சாயங்காலமே பஸ் ஏறிவிட்டாய். ஏறும்போது ஜன்னல் வழியாக, "நைனா, அந்த ஒசந்த பெட்ரோலே ஊத்து, பவர் சொம்மா அள்ளும்" என்று கத்தினாய். ஏன், எதற்கு, ஊற்றாவிட்டால் என்ன ஆகும் என்று ஒன்றும் சொல்லவில்லை. டிவி விளம்பரம் மாதிரி ஒரு வரி சொன்னாய். உன்மேல் எனக்குள்ள முதல் கோபம் அந்த ஒரு வரிக்குத்தான்.

அந்தப் பெட்ரோல் நம் பக்கத்துப் பங்க்கில் கிடையாது. காஞ்சிபுரம் பக்கம் போனால்தான் கிடைக்கும். அங்கே லோடு இருந்தால் போடுவார், இல்லாவிட்டால் இங்கே கிடைக்கிற சாதா பெட்ரோலைப் போடுவார். ஒரு பெட்ரோல் போடுவதற்காகக் காலி வண்டியைக் காஞ்சிபுரத்துக்கு ஓட்டிக்கொண்டு போகிறவன் உண்டா? சாதா போட்டால் மேட்டில் ஏறும்போது இஞ்சினுக்குள் தகர டப்பாவில் கூழாங்கல் போட்டுக் குலுக்குகிற மாதிரி சத்தம். இரண்டையும் கலந்து ஊற்றினால் சத்தம் கொஞ்சம் குறையும், போகாது. அவர் உனக்குப் போன் போட்டு, "டேய், இஞ்சினு இடிக்குதுடா" என்றார். "இன்னா பெட்ரோல் போட்ட?" என்றாய். "பெட்ரோலு போட்டேன்" என்றார். "இன்னா பெட்ரோலு?" "பெட்ரோல்ல இன்னாடா ஒசத்தி தாழ்த்தி? பெட்ரோலு பெட்ரோலுதான்." அதற்கு நீ பெருமூச்சு விட்டாய். ஸ்பீக்கரில் எனக்கே கேட்டது. நீ ஏதாவது திட்டியிருந்தால்கூட அவர் தாங்கியிருப்பார். அந்தப் பெருமூச்சுக்கு அவர் முகம் சுண்டிப்போய்விட்டது.

அதற்கப்புறம் ஆரம்பித்தது எனக்குக் கேடு. அவர் உன்னிடம் பேசுவதை நிறுத்தினார், நீ அவரிடம் பேசுவதை நிறுத்தினாய். இரண்டு பேரும் என்னிடம் பேசினீர்கள். இட்லி ஊற்றிக்கொண்டிருப்பேன், போன் வரும். "அம்மா, அவருகிட்ட சொல்லு, கம்ப்ரஷன் ஏத்திக்கீது, சாதா தாங்காது." நான் வாசலுக்குப் போய்ச் சொல்வேன். "அவங்கிட்ட சொல்லு, இடிக்காத இஞ்சின இடிக்க வெச்சிட்டு, இப்ப மருந்து வேற எழுதித் தரானா டாக்டரு?" நான் உள்ளே வந்து சொல்வேன். "அவருகிட்ட சொல்லும்மா, மேடு ஏறுதா இல்லியா?" "அவங்கிட்ட சொல்லு, ஏறுது, ஆனா ஏறி முடியறதுக்குள்ள எனக்கு நெஞ்சு அடிச்சிக்குது." அடுப்பில் இட்லி கல்லாகிவிடும். நாஷ்டா கேட்டு அவர் சத்தம் போடுவார். என் மூட்டு வலிக்கு டாக்டர் நடக்கச் சொன்னார். அடுப்புக்கும் வாசலுக்கும் இந்த நடை நடந்ததில் அந்த வைத்தியம் மட்டும் ஒழுங்காக நடந்தது. என் மூட்டு எப்படி இருக்கிறது என்று அந்தப் போன்களில் ஒன்றிலாவது நீ கேட்டாயா என்று யோசித்துப் பார். குத்திக்காட்டவில்லை. இல்லை, குத்திக்காட்டத்தான் செய்கிறேன்.

ஈஸ்டருக்கு நீ வந்தபோது என்னிடம் ஒன்று சொன்னாய், ஞாபகம் இருக்கிறதா? குழம்புக் கரண்டியோடு நான் நிற்க, நீ சாப்பிட்டுக்கொண்டே சொன்னாய். "ஆக்டேன்னா சக்தி இல்லம்மா. பொறுமை. பிஸ்டன் மேல ஏறி பெட்ரோலையும் காத்தையும் சேத்து நசுக்கும். நசுக்கினா சூடாவும். பிளக்கு தீ குடுக்கற வரைக்கும் அது பொறுத்துக்கினு இருக்கணும். சாதா பெட்ரோலு இந்த அழுத்தத்துல பொறுக்காது, முந்திக்கினு தானா வெடிச்சிரும். அதான் அந்த சத்தம். ஒசந்தது பொறுத்துக்கும்." எனக்குப் பளிச்சென்று புரிந்தது. பத்தாவதோடு நின்றவள் நான், எனக்கே புரிந்தது. முப்பது வருஷத்துக்கு மேல் ஸ்டியரிங் பிடித்த மனிதருக்குப் புரியாதா? "இத்த அப்டியே நைனாகிட்ட சொல்லேன்டா" என்றேன். "அவரு கேக்க மாட்டாரும்மா" என்றாய். அவர் அப்போது சுவருக்கு அந்தப்பக்கம்தான் இருந்தார். ரேடியோ சத்தத்தை அவர் குறைத்ததை நீ கவனிக்கவில்லை.

அந்த வாரம்தானே அந்தப் பந்தயமும் நடந்தது. யார் சொல்வது சரி என்று ஏரிக்கரையில் பார்த்துவிடுவோம் என்று கிளம்பினீர்கள். பஜாரில் மளிகைக் கடை வைத்திருக்கிற காசிம் பாயிடமும் நம் வண்டி மாதிரியே ஒன்று இருக்கிறது. அதில் யாரும் கை வைக்கவில்லை, வந்தது வந்தபடியே ஓடுகிறது. இரண்டு வண்டியிலும் ஒரே அளவு அரிசி மூட்டை. டேங்க்கை வற்ற ஓட்டிவிட்டு, கேனிலிருந்து முதலில் சாதா, அதை வற்ற ஓட்டியபிறகு உயர்ந்தது. நீ ஓட்டினால் அவர் நம்ப மாட்டார், அவர் ஓட்டினால் நீ நம்ப மாட்டாய், அதனால் பாயே ஓட்டினார். பக்கத்தில் சாட்சியாக நான். மூட்டுவலிக்காரியை ஏற்றி இறக்கி ஏற்றி இறக்கி, உங்களுக்கெல்லாம் மனசாட்சியே கிடையாது. பாய் வண்டியில் இரண்டு பெட்ரோலுக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. அதே கியர், அதே சத்தம், மேட்டுக்கு நடுவில் இருக்கிற கருவேல மரத்தண்டை அதே திணறல். நம் வண்டியில் சாதாவுக்குக் கூழாங்கல் சத்தம், இழுவையும் குறைவு. உயர்ந்ததை ஊற்றியதும் சத்தம் போன இடம் தெரியவில்லை, வழுவழுவென்று ஏறியது.

இறங்கியதும் உன் நைனா கையைத் தட்டினார். "பாத்தியா, பாய் வண்டில ஒண்ணும் ஆவல. பெட்ரோல்ல ஒண்ணும் இல்லன்னு நான் சொன்னேனா இல்லியா?" நீயும் கையைத் தட்டினாய். "நம்ம வண்டில ஆச்சே! அத்த சொல்லு!" காசிம் பாய் தலையில் இருந்த தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டே என்னிடம், "ரெண்டு பேரும் கெலிச்சிட்டாங்கம்மா. இனிமே யாரு எறங்கி வருவா? அதான் பேஜாரு" என்றார். கரையில் நின்றுகொண்டிருந்த எனக்கே விஷயம் தெளிவாகிவிட்டது. அந்தப் பெட்ரோல் பலம் தருவதில்லை. நோய் இல்லாதவனுக்கு மருந்து கொடுத்தால் அவன் பயில்வான் ஆகிவிடுவானா? பாய் வண்டிக்கு அது வீண். நீ அழுத்தத்தைக் கூட்டி வைத்த வண்டிக்கு அது இல்லாமல் முடியாது. பலம் வந்தது உன் கைவேலையால், அந்தப் பலத்தை இஞ்சின் தாங்கிக்கொள்வதற்குத்தான் அந்தப் பெட்ரோல். அவர் சொன்னதும் சரி, நீ சொன்னதும் சரி. இதை நான் வாயைத் திறந்து சொல்லவும் சொன்னேன். யார் காதிலும் விழவில்லை.

விழாததற்குக் காரணம், அதற்குள் நீங்கள் பெட்ரோலை விட்டு வேறு எங்கேயோ போய்விட்டீர்கள். "என் வண்டில கை வெக்க நீ யாருடா?" என்றார் அவர். அது தப்பு, நான் அவரை வீட்டில் வைத்து வாங்கு வாங்கு என்று வாங்கிவிட்டேன். "படிக்காத ஆளுகிட்ட பேசி இன்னா ஆவப்போது" என்றாய் நீ. அது அதைவிடத் தப்பு. காசிம் பாய் முன்னால் சொன்னாய். உன் ஐடிஐ சர்டிபிகேட் வந்த அன்றைக்கு அதை வாங்கி, லாரிக்காரர், வண்டிக்காரர் என்று அத்தனை பேரிடமும் காட்டிவிட்டு வந்த மனுஷன் அவர். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அவர் படிக்கவில்லை, உன் பெயர் இருக்கிற இடத்தைத் தெரிந்து வைத்துக்கொண்டு அதை மட்டும் விரலால் காட்டுவார். அவரை நீ அப்படிச் சொன்னாய். நீ பை எடுத்துக்கொண்டு போனதும் அவர் சாப்பிடாமல் படுத்தார். கேட்டால், "பசிக்கல மே" என்றார். நான் கெஞ்சவில்லை. எனக்கும் வேறு வேலை இருக்கிறது. ஆனால் நானும் சாப்பிடவில்லை.

போன வாரம் நடந்ததைக் கேள். சாலவாக்கத்தில் அறுப்பு முடிந்த வயல், மழை மேகம் கட்டிக்கொண்டு வருகிறது, நெல்லுக்காரர் அவசரப்படுத்துகிறார். டேங்க்கில் சாதாதான். போகமாட்டேன் என்று சொல்ல முடியுமா? மூட்டையோடு வந்தார். அதே மேட்டில் பயங்கரமாக இடித்து, வெள்ளையாகப் புகை தள்ளி, நின்றே விட்டது. வண்டி பின்னால் உருளாமல் பிரேக்கை மிதித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், பின்னால் வந்தவர்கள் இறங்கிக் கல் வைத்திருக்கிறார்கள். அந்தக் கல் வைக்கிற வரைக்கும் என்ன வேண்டுமானாலும் ஆகியிருக்கலாம். கரைக்கு ஒரு பக்கம் தண்ணீர், ஒரு பக்கம் பள்ளம். தணிகாசலம் வந்து பார்த்து, ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் இருக்கிற கேஸ்கெட் பிய்ந்துவிட்டது என்றார். இடிச்சு இடிச்சே போனதாம். பிஸ்டன் தப்பித்தது. மழை கொட்ட, நெல் வேறு வண்டிக்கு மாறி, நம் வண்டி டிராக்டர் பின்னால் கயிறு கட்டி வீடு வந்தது. உன் நைனா அதில் ஸ்டியரிங் பிடித்து உட்கார்ந்து வந்தார். ஊரே பார்த்தது. நான் உனக்குப் போன் செய்து சொன்னபோது நீ முதலில் கேட்ட கேள்வி என்ன? "இன்னா பெட்ரோல் போட்டிருந்தாரு?" மனுஷனுக்கு என்ன ஆச்சு என்று கேட்க உனக்கு வாய் வரவில்லை. பயத்தில் கேட்டிருப்பாய், நான் நம்புகிறேன். நீ பயந்தால் இஞ்சினைப் பற்றித்தான் பேசுவாய், அவரும் அப்படித்தான். ஆனால் அதைக் கேட்கிற எனக்கு எப்படி இருக்கும்?

இப்போது சொல்லப்போவதைச் சொல்லக்கூடாது என்று அவர் என்னிடம் சத்தியம் வாங்காத குறை. தணிகாசலம் நேற்று வந்து, "அண்ணே, தடியான கேஸ்கெட் போட்டு அழுத்தத்த எறக்கிர்றேன், கம்ப்யூட்டர்லயும் பழைய கணக்கே ஏத்திடலாம், எந்தப் பெட்ரோல் போட்டாலும் ஓடும், பேஜாரே இல்ல. மேட்ல மட்டும் கொஞ்சம் மூட்டை கொறச்சிக்க" என்றார். நல்ல யோசனைதானே? இத்தனை நாள் உன் நைனா கத்தியது அதற்குத்தானே? நானும் அப்பாடா என்று வாசல்படியில் உட்கார்ந்துவிட்டேன். அவர் என்ன சொன்னார் தெரியுமா? "அது என் பையன் செஞ்ச வேல தணிகா. அவன கேக்காம அதுல கை வெக்காத." தணிகாசலம் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுப் போய்விட்டார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அப்புறம் கோபமும் வந்துவிட்டது. இந்த வார்த்தையை உன்னிடம் சொல்வதற்கு அந்த மனுஷனுக்கு என்ன கேடு? அடுத்தவனிடம் சொல்கிறார், டீக்கடையில் சொல்கிறார், மெக்கானிக்கிடம் சொல்கிறார். நீயும் அப்படித்தான். அவருடைய மானத்துக்காக மேட்டை ஏற்றினாய், அவரிடம் மட்டும் அதைச் சொல்லவில்லை.

ஆக்டேனுக்குப் பொறுமை என்று அர்த்தம் சொன்னாயே, அன்றைக்கே எனக்கு உறைத்தது. இந்த வீட்டில் நீங்கள் இரண்டு பேரும் முட்டிக்கொள்ளும்போதெல்லாம் இடி சத்தம் வெளியே கேட்காமல் நடுவில் ஊற்றிக்கொண்டிருந்தது என்னைத்தான். நீ சின்னப் பையனாக இருந்தபோது, சபைப் பாட்டுக் குழுவை விட்டுவிட்டு பைக் கடைக்குப் போகிறேன் என்றாயே, அப்போதும் நான்தான். சென்னைக்குப் போகிறேன் என்றாயே, அப்போதும் நான்தான். அவர் சொன்னதில் பாதியை விழுங்கிவிட்டு உனக்குச் சொன்னேன், நீ சொன்னதில் முக்கால்வாசியை விழுங்கிவிட்டு அவருக்குச் சொன்னேன். எனக்கு வயசாகிறது சாமு. பிபி மாத்திரை வேறு. இனிமேல் என்னால் ஆகாது. நாளைக்கு உனக்கும் கல்யாணம் ஆகும். உன் பொண்டாட்டியையும் இப்படி உங்களுக்கு நடுவில் நிற்க வைக்காதே. மூன்றாவது ஆள் வந்துதான் பேச முடியும் என்று பழகிவிட்டால், அந்த மூன்றாவது ஆள் இல்லாத அன்றைக்கு என்ன செய்வீர்கள்? ஒருத்தருக்காக ஒரு வேலை செய்தால் அவரிடம் கேட்டுச் செய். செய்ததை விளக்கிச் சொல், விளம்பரம் பண்ணாதே. கேட்க மாட்டார் என்று நீயாக முடிவு கட்டாதே, ரேடியோவைக் குறைத்து வைத்துக்கொண்டு கேட்கிற ஆள் அவர். அம்மாவாக என்னால் சொல்ல முடிந்த புத்தி இவ்வளவுதான்.

எனக்கென்று ஒரு அபிப்பிராயம் இருக்கிறதா என்று நீங்கள் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அந்தப் பெட்ரோல் கிடைக்காத ஊரில் அந்தப் பெட்ரோல் இல்லாமல் ஓடாத வண்டி எதற்கு? பழையபடி ஆக்குங்கள், இரண்டு மூட்டை குறைத்து ஏற்றுங்கள், மனுஷன் உயிரோடு வீடு வரட்டும். ஆனால் அதை நான் தணிகாசலத்திடம் சொல்லப் போவதில்லை. அது உன் வேலை, அவர் வண்டி. நீங்கள் பேசி என்ன முடிவெடுத்தாலும் எனக்குச் சம்மதம்.

நாளைக்குக் காலையில் தென்னேரிக்கு, என் தங்கச்சி வீட்டுக்குப் போகிறேன். கோபித்துக்கொண்டு போகிறாயா என்று அவர் கேட்டார். ஆமாம் என்றேன். போனைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டுப் போகிறேன், தங்கச்சி நம்பருக்கும் யாரும் அடிக்க வேண்டாம், அவளிடம் சொல்லிவைத்திருக்கிறேன். மாவு அரைத்து வைத்திருக்கிறேன், அவருக்கு இட்லி ஊற்றத் தெரியும், தெரியாத மாதிரி நடிப்பார். இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது அந்த வீட்டில் அவர் ஒருத்தர்தான் இருப்பார், வாசலில் ஹெட் இல்லாத வண்டி ஒன்று இருக்கும். நீ எழுதப்போகும் பதிலை எனக்கு எழுதாதே. அவருக்குப் போன் போடு. மணி அடித்ததும் எடுக்க மாட்டார், வீம்பு என்று நினைத்துவிடாதே. இப்போதெல்லாம் திரை மங்கலாகத் தெரிகிறது, கண்ணாடியைத் தேடிப் போட்டு, யார் என்று பார்த்து, உன் பெயர்தானா என்று இன்னொரு தரம் பார்த்து எடுப்பதற்குக் கொஞ்ச நேரம் பிடிக்கும். அதுவரைக்கும் நீ வைத்துவிடாதே.

அம்மா